கொடி விழுந்த வருஷத்துப் பாவசங்கீர்த்தனம்

பதினோரு பேர். மாதா கோவில் பெஞ்சில் உட்கார்ந்ததும் எர்மன் மிராண்டா முதலில் எண்ணிப் பார்த்தான். பதினோரு ஆம்பிளைகள், எல்லாரும் ஒரே பக்கமாகத் தோளைச் சாய்த்து, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் ஊதாத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எழுந்து போய் முழங்கால் போட்டதும் மற்றவர்கள் ஆளுக்கு ஓர் இடம் நகர வேண்டும். நகரும்போது தூறலில் நனைந்த வேட்டிகள் பலகையில் உரசி ஒரு மாதிரி இழுபட்ட சத்தம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஆறு நாள். இரண்டு நாளாக எதைப் பார்த்தாலும் எண்ணுவதே அவனுக்கு வழக்கமாகிவிட்டது, மின்விசிறிகளை, ஜன்னல் கம்பிகளை, ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடக்கும் செருப்புகளை. எல்லாம் அந்த ஓர் எண்ணிலிருந்து தப்பிக்கத்தான். இன்று காலை பதினாலாயிரம். மகள் ஜெனோவின் ரத்தத்தில் லட்சக்கணக்கில் இருக்க வேண்டிய தட்டணுக்கள் பதினாலாயிரம்தான் இருக்கிறது என்று தூத்துக்குடியில் டாக்டர் சொன்னபோது, கூட இருந்த மனைவி கிளாடிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எர்மன் உட்காரவில்லை. அவனுக்குக் காரணம் தெரியும் என்று தோன்றியது. டெங்குக் கொசு கடித்தது என்பது மற்றவர்களுக்கான காரணம். அவனுக்கானது வேறு, அதைச் சொல்லித் தீர்க்கத்தான் பைக்கை எடுத்துக்கொண்டு முப்பது கிலோமீட்டர் மழையில் ஊருக்கு வந்திருக்கிறான். சாமியாரிடம் சொல்வது, அதற்குப் பிறகு நாளைப் பூசை முடிந்ததும் மைக்கைப் பிடித்து ஊருக்கே சொல்வது. கொடி விழுந்ததற்குத் தொபியாஸ் அண்ணன் காரணம் இல்லை, நான்தான். எத்தனை சொல்? எண்ணினான். ஏழு சொல். ஏழு சொல்லுக்கு நாலு மாதம்.

அது சொல்லிப் பார்க்கும்போது சின்ன விஷயமாகத்தான் இருக்கிறது, கப்பலில் இருந்த கூட்டாளிகளிடம் சொன்னால் சிரிப்பார்கள், ஒரு கொடி, ஒரு கயிறு, ஒரு முடிச்சு. ஆனால் இந்தக் கரையில் திருவிழாக் கொடி பாதியில் விழுந்தால் அது துணி விழுந்ததாகாது. அந்த வருஷத்தின் மேல் ஏதோ விழுந்ததாகும். முப்பத்திரண்டு வருஷமாகக் கொடியைக் கயிற்றில் கட்டுகிறவர் தொபியாஸ். அவர் கட்டுக்கு ஒரு முறை உண்டு. முடிச்சைப் போட்டுவிட்டு அதன் மேல் மெழுகு தேய்த்த நூலை ஒன்பது சுற்று சுற்றி, நுனியைப் பல்லால் கடித்து இறுக்குவார். ஒன்பது நாள் நவநாளுக்கு ஒன்பது சுற்று. அந்த நூல் அழுக்கு நிறம், மீன் வாடை அடிக்கும். இந்த வருஷம் கயிறு எர்மனுடைய உபயம். இருபத்திரண்டு வருஷம் கப்பலில் இருந்துவிட்டு நிரந்தரமாக ஊர் திரும்பிய வருஷம், விழாக் கமிட்டிச் செயலாளர் ஆன வருஷம். வெள்ளை வெளேரென்று புது நைலான் கயிறு கொச்சியிலிருந்து வரவழைத்திருந்தான். கொடியேற்றத்தன்று மத்தியானம், தொபியாஸ் கட்டி முடித்து எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம், கொடிமரத்தடியில் அவன் மட்டும் நின்றான். சாயங்காலம் ட்ரோன் கேமரா வருகிறது, அபுதாபியிலும் டொரொன்டோவிலும் ஊர்க்காரர்கள் நேரலையில் பார்ப்பார்கள். அந்த வெள்ளைக் கயிற்றில் இந்த அழுக்கு நூல் ஒரு புண்ணுக்குப் போட்ட கட்டு மாதிரி தெரிந்தது. அவ்வளவுதான். வேறு கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை, இருந்ததா? இருந்தது. கட்டுவது எப்படி என்று இந்தக் கிழவருக்கு ஒருநாள் காட்ட வேண்டும் என்று இருந்தது. பிளேடால் நூலை அறுத்தான், முடிச்சை அவிழ்த்தான், கப்பலில் இருபத்திரண்டு வருஷம் போட்ட தன் முடிச்சைப் போட்டான். அழகாக இருந்தது. தள்ளி நின்று பார்த்தான். இன்னொரு முறையும் பார்த்தான். சாயங்காலம் மேளம் முழங்க, வெடி அதிர, கொடி முக்கால் உயரம் போனதும் ஒரு கணம் தயங்கியது, எதையோ மறந்துவிட்டு நினைத்துப் பார்ப்பது போல, பிறகு காற்றில் புரண்டு புரண்டு இறங்கி பேண்டு வாத்தியக்காரர்களின் தலையில் விழுந்தது. புது நைலான் வழுக்கும். முடிச்சு மட்டும் நிற்காது, மேலே நூல் சுற்றித்தான் ஆக வேண்டும். இது எர்மனுக்குத் தெரியாததல்ல. புதிதாகக் கப்பலில் சேரும் பையன்களுக்கு அவனே எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்த பாடம்.

நகருங்க. நகர்ந்தான். பத்து பேர். கிறிஸ்துமஸ் குடில் கட்டும் இளைஞர்கள் பீடத்தின் இடது பக்கத்தில் பழுப்புக் காகிதத்தைக் கசக்கி மலை செய்துகொண்டிருந்தார்கள், பெயின்ட் வாடையும் வைக்கோல் வாடையும் கலந்து தொண்டையில் உறுத்தியது. யாரோ வந்து அவனுக்கு அடுத்து உட்கார்ந்தார்கள். நனைந்த குடையைக் காலுக்கிடையில் நிறுத்தும் கையைப் பார்த்தான், விரல் நுனிகள் கயிறு அறுத்துத் தடித்த கை, நிமிர்ந்து பார்க்காமலே தெரிந்துவிட்டது. எல்லா நாளையும் விட்டுவிட்டு இன்றைக்கு. எல்லா இடத்தையும் விட்டுவிட்டு என் பக்கத்தில். இது தற்செயல் இல்லை என்று நினைத்தான். அப்போது தொபியாஸ் மெதுவாக, "பிள்ளைக்கு எப்படித் தம்பி இருக்கு?" என்றார். "அப்படியேதான் இருக்குண்ணே." "பப்பாளி இலைச் சாறு குடுத்தியளா?" "டாக்டரு வேண்டாம்னுட்டாரு." "ம்." அவர் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது, பெஞ்சு முழுவதும் அந்த அதிர்வு வந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த லூக்காஸ், படகு ஓட்டுகிறவன், எங்கே போனாலும் வாயை மூட முடியாதவன், திரும்பிப் பார்த்துப் பல்லைக் காட்டினான். "தொபியாஸண்ணே, வேட்டிய நல்லா இறுக்கிக் கட்டியிருக்கியளா? சாமி முன்னால அவுந்து விழுந்திரப் போகுது, அப்புறம் அதுக்கும் கமிட்டி கூடணும்." பெஞ்சு முழுக்க அடக்கிய சிரிப்பு. "என் கட்டு நிக்கும்ல," என்றார் தொபியாஸ், முழங்காலை நிறுத்தாமலே. "ஒன் நாக்குக்குத்தான் ஒரு கட்டுப் போடணும். வா, இங்கயே போட்டு விடுதேன்." இன்னும் பெரிய சிரிப்பு, லூக்காஸும் சிரித்தான். எர்மனும் சிரித்திருந்தான். வாய் இழுபட்டிருப்பதை உணர்ந்துதான் அது தெரிந்தது, எந்த வேடிக்கைக்குச் சிரித்தோம், தொபியாஸ் சொன்னதற்கா லூக்காஸ் சொன்னதற்கா என்று யோசித்தான். லூக்காஸ் சொன்னதற்குத்தான். உதடு முன்பே விரிந்துவிட்டது.

கொடி விழுந்ததை விசாரித்த அன்றும் அப்படித்தான், வாய் முந்திக்கொண்டது. பள்ளிக்கூட ஹாலில் கமிட்டி உட்கார்ந்திருந்தது, ஏழு பேர், நடுவில் செயலாளர். ஜன்னலெல்லாம் ஊர்க்காரர்கள். தொபியாஸ் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நான் போட்ட கட்டு அவுறாது. யாரோ தொட்டிருக்காங்க. வேற நான் ஒண்ணும் சொல்லுததுக்கு இல்ல." யாரோ தொட்டிருக்கிறார்கள் என்ற வார்த்தை ஹாலுக்குள் இறங்கி மெதுவாகச் சுற்றியது, ஒவ்வொரு முகமாக, ஒவ்வொரு கையாக. எர்மன் தன் கைகளை மேஜைக்குக் கீழே இழுத்துக்கொண்டான். அந்த ஒரு நிமிஷம் மட்டும் யாராவது அவன் பக்கம் திரும்பி, மத்தியானம் நீ கொடிமரத்தடியில் நின்றாயே என்று கேட்டிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும், நல்லபடியாகவே முடிந்திருக்கும், ஆமாம் என்று சொல்லியிருப்பான், சத்தியமாகச் சொல்லியிருப்பான். யாரும் கேட்கவில்லை. அவனே கேட்டான். எவ்வளவு மரியாதையாக, எவ்வளவு தயக்கத்தோடு. "தப்பா நெனைக்காதியண்ணே. கேக்க வேண்டியது என் கடமை. அன்னைக்கு நீங்க குடிச்சிருந்தியளா?" பொய் எதுவும் சொல்லவில்லையே. ஒரு கேள்விதானே. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மாதா முன்னால் சத்தியம் பண்ணிக் குடியை விட்டவர் அவர், ஊருக்கே தெரியும், ஆனால் கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் தெரிந்ததெல்லாம் சந்தேகமாகிவிடுகிறது. தொபியாஸ் வாயைத் திறந்தார். அவனைப் பார்த்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். விசாரணையில் அவர் பதில் சொல்லவில்லை என்று தன் அழகான கையெழுத்தில் எர்மன் நோட்டில் எழுதினான், அதுவும் பொய்யில்லை. இனிமேல் கொடி கட்டுவது தொபியாஸ் இல்லை என்று கமிட்டி முடிவு செய்தது. நாலு மாதத்தில் அவன் சொன்ன ஒரே பொய் கிளாடிஸிடம். துவைக்கும்போது பேன்ட் பையிலிருந்து அறுந்த நூல் துண்டுகளை எடுத்து, "இது என்னங்க, வலை நூலா?" என்றாள். "ஆமா," என்றான். அந்த ஒரு பொய்தான் இப்போது வாயில் கசந்தது, மற்றதெல்லாம் உண்மையாகவே இருந்தது, உண்மைகளைக் கொண்டே ஒருவரைக் கொன்றுவிட முடிகிறது.

எட்டு பேர். உள்ளே இருந்தவருக்குக் காது கேட்காது, தான் மெதுவாகப் பேசுவதாக நினைத்து அவர் போட்ட சத்தம் கோவில் முழுக்கக் கேட்டது. "பீடிதான் சாமி! ... இல்ல சாமி, பீடி! ... மருமவ ஒளிச்சு வச்சா, நான் எடுத்தேன்!" குடில் கட்டிக்கொண்டிருந்தவர்கள் காகித மலைக்குப் பின்னால் குனிந்துகொண்டார்கள். லூக்காஸ் தோள் குலுங்க முகத்தைக் கைக்குட்டையில் புதைத்தான். எர்மனுக்குப் பொறாமையாக இருந்தது. இப்படி ஊரே கேட்கச் சொல்லிவிட்டு வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போக முடிந்தால். வெளிநாட்டுத் துறைமுகத்தில் ஒரு தடவை, மாலுமிகளுக்கென்று இருந்த சின்னக் கோவிலில், இங்கிலீஷில் பாவசங்கீர்த்தனம் பண்ணினான். எவ்வளவு சுலபமாக இருந்தது அது. இங்கிலீஷில் சொன்ன பாவங்களுக்கு எடையே இல்லை, விண்ணப்பப் படிவத்தில் கட்டம் கட்டமாக நிரப்புவது போல், யாரோ இன்னொருவன் செய்ததைத் தான் மொழிபெயர்த்துச் சொல்வது போல் இருந்தது. தமிழில் அது முடியாது. தமிழில் பெருமை என்றால் அதற்கு ஒரு முகம் வந்துவிடுகிறது, தள்ளி நின்று தன் முடிச்சையே பார்க்கிற முகம். சின்ன வயதில் வேதம் படிக்கும் ஞானோபதேச வகுப்பில் கன்னியாஸ்திரி மதர் சொல்லிக்கொடுத்தது, கடவுளின் கண் ஒரு முக்கோணத்துக்குள் இருக்கும், சுவரில் படம் தொங்கியது, எங்கே உட்கார்ந்தாலும் அது பார்த்தது. கப்பலில் அது இல்லை. கடலில் அது இல்லவே இல்லை. ஊருக்குத் திரும்பியதும் அது அதே சுவரில் இருந்தது. இல்லை, ஆஸ்பத்திரிச் சுவரில், ஜெனோவின் கட்டிலுக்கு மேலே. அங்கே படம் எதுவும் கிடையாது. காலியான சுவர்தான். அதுவும் பார்த்தது.

ஏழு. இப்படி வருவது முதல் தடவை இல்லை என்பதுதான் அவன் யாரிடமும் சொல்ல முடியாதது, சாமியிடம்கூட. காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாள் அறுபத்திரண்டாயிரம் என்றார்கள். அன்று ராத்திரி, ஆண்டவரே தொபியாஸிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன், பிள்ளையைக் காப்பாற்று என்றான். காலையில் எழுபத்தோராயிரம். காபி குடித்தான், நாளிதழ் படித்தான், தொபியாஸ் என்ற பெயர் மத்தியானம் வரைக்கும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஞாபகம் வந்தபோது, பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று பட்டது. மறுநாள் இருபத்தெட்டு. ஈறில் ரத்தம். அன்று சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே போனான். தொபியாஸ் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தி இறங்கிவிட்டான். அவர் முற்றத்தில் வலையைத் தைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த நேரத்தில் சட்டைப்பைக்குள் போன் அடித்தது, ரத்தம் ஏற்றியாயிற்று, கசிவு நின்றுவிட்டது, நாற்பதாயிரம் என்று கிளாடிஸ். போனை வைத்துவிட்டு அவரைப் பார்த்தான். "என்ன தம்பி?" "ஒண்ணுமில்லண்ணே. இந்தப் பக்கமா வந்தேன். நண்டு எதுவும் வந்துச்சா?" நண்டு. அவர் வாசலில் நின்றுகொண்டு நண்டைக் கேட்டான். "கடலுக்குப் போயி பத்து நாளாச்சு, நண்டுக்கு எங்க போக," என்றார் அவர். திரும்பி வரும்போது பைக்கின் கண்ணாடியில் தன் முகம் தெரிய, அதைத் திருப்பி வைத்துவிட்டு ஓட்டினான். இன்று காலை பதினாலு. பார், ஒவ்வொரு தடவை நீ பின்வாங்கும்போதும் ஆண்டவர் இன்னொரு படி இறக்குகிறார். அவருக்கு அவசரம் எதுவும் இல்லை. நீ ஏமாற்றுவாய் என்று தெரிந்தே தருகிறார், தந்துவிட்டு எடுக்கிறார், இந்தத் தடவை எடுத்தால்? எடுத்தால் என்று நினைத்தபோது பெஞ்சின் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மைக்கைப் பிடித்துச் சொல்வேன். முழங்கால் போட்டே சொல்வேன். தொபியாஸ் அண்ணன் காலைத் தொட்டு, எல்லார் முன்னாலும். ஆண்டவரே, இதோ பெஞ்சில் இருக்கிறேன், எழுந்து போகவில்லை பாரும், ஐந்து பேர்தான் பாக்கி.

போன் துடித்தது. கோவிலுக்குள் எடுக்கக் கூடாது, தொடையில் வைத்துக் குனிந்து பார்த்தான். கிளாடிஸ் எழுதியிருந்தாள். முப்பத்தாறாயிரம். ரெண்டு இட்லி சாப்பிட்டா. டாக்டர் இனிமே ஏறத்தான் செய்யும், பயமில்லைன்னுட்டார். அதற்குக் கீழே, ஜெனோ ஒங்கள போன் சார்ஜர் வாங்கிட்டு வரச் சொல்லுதா. எழுத்துகள் கலங்கின. அவன் அழுதான், வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல், பக்கத்தில் இருந்தவர் கை அவன் முதுகில் வந்து விழுந்தது. "என்ன தம்பி, என்ன?" "ஏறிருச்சுண்ணே. முப்பத்தாறு." "மாதாவே," என்றார் தொபியாஸ், கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு தடவை. முதுகில் அந்தக் கை இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அந்த நேரத்துக்குள் சொல்லியிருக்கலாம். அவ்வளவு பக்கத்தில் இனி எப்போது வரப்போகிறார். தொண்டை வரை நன்றி நிரம்பி இருந்தது, அந்த நன்றியோடு அதுவும் வந்திருக்கும், ஏழு சொல். முதலில் சாமியிடம், அதுதான் முறை என்று நினைத்தான். கை எடுபட்டது. நகருங்க. நாலு பேர். சார்ஜர் எந்த ரகம், பழைய முனையா புது முனையா, அவளிடம் கேட்க வேண்டும். மூக்கைத் துடைத்துக்கொண்டான், முதுகை நிமிர்த்தினான். இரண்டு நாளைக்குப் பிறகு முதல்முறையாகப் பசித்தது. டாக்டர் அன்றைக்கே சொன்னார், ஐந்தாம் நாள் ஆறாம் நாள் இறங்கும், பிறகு தானாக ஏறும், இந்தக் காய்ச்சலின் போக்கே அதுதான் என்று, கோடு போட்டுக்கூடக் காட்டினார். அப்படியென்றால்? அப்படியென்றால் ஒன்றுமில்லை, எதற்கும் எதையும் முடிச்சுப் போட வேண்டியதில்லை. ஒரு பதினாலு வயசுப் பிள்ளையின் ரத்தத்தை வைத்து அப்பனைக் கணக்குக் கேட்கிற கடவுள் என்ன கடவுள், அப்படி நினைப்பதே அவருக்கு அவமானம், அது படிக்காதவர்கள் நினைப்பது. கொடி விழுந்ததால் கடல் அடித்தது என்று சொல்கிற அதே புத்தி. மூன்று பேர். தவிர, பயந்துகொண்டு வருந்துவது வருத்தமே இல்லை, ஞானோபதேசத்தில் இதுவும் படித்ததுதான், தண்டனைக்குப் பயந்து அழுவது கீழான மனஸ்தாபம், அன்பினால் அழுவதே உத்தமம். இப்போது சொன்னால் பயத்தில் சொன்னதாகிவிடும், பேரம் பேசியதாகிவிடும். பயமெல்லாம் தெளிந்த பிறகு, சுத்தமான மனதோடு ஒரு நாள். நாளைக்கு மைக்கா? கிறிஸ்துமஸ் வாரத்தில் ஊரைக் கலக்கி விடுவதா? ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளை வருகிற நேரத்தில் அவளைப் பார்த்து, இவ அப்பன்தான் என்று நாலு பேர் பேசவா? யாருக்கு அதனால் லாபம்? தொபியாஸுக்கு வேண்டியது கொடி கட்டுவது, பெயர் இல்லையே. வருகிற வருஷக் கமிட்டியில் நானே எழுந்து சொல்கிறேன், நடந்தது நடந்துபோச்சு, தொபியாஸண்ணனையே கட்டச் சொல்லுவோம், மனுஷன்னா தவறு வரத்தான் செய்யும், மன்னிப்போம் என்று. அந்தப் பேச்சு அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதுகூடத் தெரிந்தது. அப்போதுதான், ஹாலில் தான் நின்று அதைச் சொல்வதையும், எல்லாரும் தலையாட்டுவதையும், கடைசி வரிசையில் தொபியாஸ் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நன்றியோடு பார்ப்பதையும் கண்டு முடித்த பிறகுதான், உடம்பெல்லாம் கூசியது. நண்டைக் கேட்டவன். அதே ஆள்தான், அதே பைக்கிலிருந்து திரும்பவும் இறங்கிக்கொண்டிருக்கிறான். தெரிகிறது, எல்லாம் தெரிகிறது. தெரிந்தும் அந்தப் பேச்சின் அடுத்த வரி தானாக வந்துகொண்டிருந்தது.

லூக்காஸ் வெளியே வந்து, "போங்கண்ணே, சாமி நல்ல மூட்ல இருக்காரு," என்றான். எர்மன் முழங்கால் போட்டான். கிராதிக்கு அந்தப் பக்கம் இளம் குரல், வேறு ஊர்ப் பங்கிலிருந்து உதவிக்கு வந்த சாமியார், அவனை யாரென்றே தெரியாதவர். இதைவிட வசதி எங்கே கிடைக்கும். "பாவசங்கீர்த்தனம் பண்ணி நாலு மாசம் ஆச்சு சாமி." "சொல்லுங்க." கோபப்பட்டேன் என்றான். மனைவியிடம் கடுமையாகப் பேசினேன். பிள்ளைக்கு முடியாமல் இருந்ததால் ஒரு ஞாயிறு பூசை பார்க்கவில்லை. மற்றவர்களைப் பற்றிப் பேசினேன், சிரித்தேன். ஒவ்வொன்றும் உண்மை, ஒவ்வொன்றையும் எடுத்து வைக்க வைக்க அந்தக் குவியலுக்குப் பின்னால் அது நன்றாக மறைந்தது. நிறுத்தினான். "வேற எதுவும் மனசை உறுத்துதா?" என்றது குரல், மாமூலாகக் கேட்பது போல் இல்லை, உண்மையாகவே காத்திருந்தது. மழை ஓட்டில் பலமாகப் பிடித்துக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே மெத்தை கிழிந்து பலகை குத்தியது. சொல்லு. இப்போது. ஏழு சொல். முதல் சொல் என்ன? கொடி. கொடி என்று ஆரம்பித்தால் போதும், மீதியை அவரே கேட்டு வாங்கிக்கொள்வார். உதடு அந்த எழுத்துக்குக் குவிந்தது. "பெருமை, சாமி," என்றான். "எதைப் பத்தின பெருமை?" வெளியே யாரோ இருமினார்கள். "பொதுவாத்தான் சாமி," என்றான் எர்மன். பெருமை என்பது எல்லாப் பாவத்துக்கும் வேர் என்று குரல் ஏதோ சொன்னது, பத்து அருள்நிறை மந்திரம் அபராதமாகக் கொடுத்தது, மனஸ்தாப மந்திரம் சொல்லச் சொன்னது. அவன் சொன்னான், ஒரு வார்த்தை பிசகாமல். மன்னிப்பு ஆசீர் தலையின் மேல் இறங்கியபோது தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டான், படாமல் தப்பிக்கிறவன் மாதிரி.

அபராதத்தைச் சொல்ல முன்வரிசைக்குப் போய் முழங்கால் போட்டான். தொபியாஸ் உள்ளே போயிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று அருள்நிறை. அவருக்கு என்ன இருக்கிறது சொல்ல? நாலு. இவ்வளவு நேரமா? ஐந்தா ஆறா? தன் பெயர் அந்தக் கிராதி வழியாகப் போகிறதோ என்று காது பின்பக்கமே இருந்தது, திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, திரையின் கீழே அவர் பாதங்கள் தெரிந்தன, வெடித்த குதிகால்கள் ஒன்றோடொன்று அழுந்திக்கொண்டிருந்தன. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தான். ஏழாவது சொல்லும்போது குடையை ஊன்றும் சத்தம் வந்து பக்கத்தில் நின்றது. தொபியாஸ் முழங்கால் போடவில்லை, பெஞ்சில் உட்காரவும் இல்லை, அவனுக்கும் பீடத்துக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். கண்கள் சிவந்திருந்தன. "தம்பி, செபத்துல இருக்கிய. ஒரு நிமிஷம் கேளும். சாமி சொல்லிட்டாரு, ஒம்மகிட்ட நேரா சொன்னாத்தான் தீரும்னு." "என்னண்ணே?" "நீரு அன்னைக்கு அந்தக் கேள்விய கேட்டீரே. செயலாளரு, கேக்கத்தான் செய்யணும், அது எனக்குத் தெரியும். ஆனா எனக்குத் தாங்க முடியல. அன்னைலருந்து தெனமும் இந்த மாதா முன்னால வந்து நின்னு, என்னைத் தலைகுனிய வச்சவன் அழுது நிக்கதை நான் பாக்கணும்னு கேட்டுக்கிட்டேன். நாலு மாசம் கேட்டேன் தம்பி. அப்பதான் ஒம்ம பிள்ளை படுத்திருச்சு." குரல் உடைந்தது. "பிள்ளைய நான் நெனைக்கவே இல்ல. சத்தியமா பிள்ளைய நெனைக்கல. இந்தப் பெஞ்சுல நீரு அழுதீரு பாரும், அப்ப எனக்கு..." கையைக் கூப்பினார், குடை சரிந்து தரையில் விழுந்தது. "என்னை மன்னிச்சிரும்."

எர்மன் எழுந்தான். எழுந்ததும் அவரைவிடத் தான் எவ்வளவு உயரம் என்று தெரிந்தது. கூப்பிய கைகளைப் பிடித்து இறக்கினான், "அண்ணே, என்னண்ணே இது, நீங்க போயி," என்றான், வார்த்தைகள் தடங்கலில்லாமல் வந்தன. குனிந்து குடையை எடுத்துக் கொடுத்தான். "நான் அதையெல்லாம் மனசுல வைக்கல. விடுங்கண்ணே." தொபியாஸ் குடையை வாங்கிக்கொண்டார், ஆனால் போகவில்லை. "அப்படிச் சொல்லாதியும். வாயால சொல்லும். மன்னிச்சேன்னு ஒரு தடவை சொல்லிரும், அப்பதான் நான் பூசையில நன்மை எடுக்க முடியும்." குடில் கட்டுகிறவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்த லூக்காஸ் நின்று பார்த்தான். எல்லாரும் பார்க்கிறார்கள் என்பது எர்மனின் தோள்களுக்கு முதலில் தெரிந்தது, அவை தாமாகவே விரிந்து நிமிர்ந்தன. அவன் வலது கையை எடுத்து அந்தக் கிழவரின் தோளில் வைத்தான்.

"மன்னிச்சேண்ணே," என்றான்.